உத்தனப்பள்ளியிலிருந்து ஒரு ஸ்பேர்

“அய்யோ சார், மூடியில கைய வைக்காதீங்க! மூஞ்சி வெந்துடும்!”

மெக்கானிக் சம்பங்கி கத்திய கத்தலில் பிரதாப் இரண்டடி பின்னால் துள்ளினான். அந்தப் பழைய வேனின் முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. ராயக்கோட்டை சாலையில், சானமாவு காட்டுக்குச் சற்று முன்னால் இருந்தது சம்பங்கியின் ஷெட்.

“சீக்கிரம் பாருப்பா. பன்னெண்டு மணிக்குள்ள அத்திப்பள்ளி பார்டரைத் தாண்டியாகணும். பெங்களூர்ல மச்சினிக்கு நிச்சயதார்த்தம்.”

“எஞ்சினைத் தொறங்க சார், பார்க்கலாம்.”

பிரதாப் வேனின் முன்பக்கம் போய் மேலும் கீழும் தடவினான்.

“எஞ்சின் சீட்டுக்கு அடியில இருக்கு சார்.”

“தெரியும், தெரியும். ஹெட்லைட் சரியா இருக்கான்னு பார்த்தேன்.”

“எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?”

“எங்கப்பா வாங்கினது. பதினஞ்சு வருஷமா என் கையிலதான். குழந்தை மாதிரி பார்த்துக்கறேன்.”

“குழந்தைக்குக் காய்ச்சல் நெருப்பா கொதிக்குதே சார்.”

சூடு தணியும்வரை காத்திருந்து, சம்பங்கி மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினான். ஹோஸ்களை அமுக்கிப் பார்த்தான். எங்கும் கசியவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து விட்டான். சூடு காட்டும் முள் விறுவிறுவென்று மேலே ஏறியது. குனிந்து பார்த்துவிட்டு அணைத்தான்.

“ரேடியேட்டர் ஃபேன் சுத்தல. அதான் வியாதி.”

“பரவால்ல, தண்ணி ஊத்தி ஊத்தியே ஓட்டிக்கறேன்.”

“தாராளமா ஓட்டுங்க. நாலு கிலோமீட்டர்ல மறுபடி நிக்கும். நிக்கிற இடம் நடுக்காடு. காலையிலதான் பதினேழு யானை ரோட்டைத் தாண்டிச்சு. நிச்சயதார்த்தம்னு சொன்னா அதுங்களுக்குப் புரியாது.”

பிரதாப் காட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். “சரி, எவ்ளோ நேரம் ஆகும்?”

“ஒரு மணி நேரம்.”

“கால் மணி.”

“கால் மணியில டீதான் குடிக்கலாம்.”

“அரை மணி! அதுக்கு மேல ஒரு நிமிஷம் தர மாட்டேன்.”

“உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம், முப்பத்தஞ்சு. ஒரு ஸ்பேர் வரணும் சார், உத்தனப்பள்ளியில இருந்து.”

சம்பங்கி போனை எடுத்துத் தெலுங்கில் இரண்டு நிமிடம் பேசினான். பிரதாப்புக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

“என்ன சொன்னாங்க?”

“இருக்காம். கையோட கொண்டு வர்றாங்களாம்.”

அதன்பிறகு பிரதாப் உட்காரவே இல்லை. சாலையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் ஷெட்டுக்குள் ஒதுங்கினான். சம்பங்கி ரேடியேட்டரை சாவகாசமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முப்பத்து மூன்றாவது நிமிடம் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சேலையெல்லாம் தக்காளிக் கறையோடு ஓர் அம்மாள் இறங்கினாள்.

“சரோஜம்மா, வாங்க வாங்க. சாருக்கு ரொம்ப அவசரம்” என்றான் சம்பங்கி.

“ஸ்பேர் எங்கம்மா?” பிரதாப் பறந்தான்.

“எல்லாம் இருக்கு தம்பி, கொஞ்சம் தள்ளுங்க.”

சரோஜம்மாள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பி, முள் ஏறும்வரை பார்த்திருந்தாள். பிறகு ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு எதையோ தட்டினாள். ‘டக்’. ஃபேன் உர்ரென்று சுற்றியது. முள் மெல்ல இறங்கத் தொடங்கியது.

பிரதாப் இரண்டு கையையும் கூப்பிவிட்டான். “தெய்வம்மா நீங்க! மெக்கானிக்குக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அவனுக்கா தெரியாது? இந்த சுவிட்ச்சை வச்சுக் குடுத்ததே அவன்தானே! எந்தச் சாவியப் போட்டாலும் கிளம்பிடுற கிழட்டு வண்டி இது. அதான் மண்டியில தக்காளி இறக்கப் போறப்பல்லாம் ஃபேனை அணைச்சுட்டுப் போவேன். எவன் ஓட்டிட்டுப் போனாலும் ஏதாவது ஒரு மெக்கானிக் வாசல்ல வந்து நின்னுதானே ஆகணும்?” சரோஜம்மாள் பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினாள். “ஏறுங்க தம்பி, அவசரம்னீங்களாமே. ஸ்டேஷன் வரைக்கும் நானே கொண்டுபோய் விடறேன்.”