அடக்கி வைத்த ஏப்பம்

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

உள்ளே அவளுடைய கணவர் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். நுனியில் கேமரா வைத்த குழாய் அவர் தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறங்கியிருக்கிறது.

அவர் பேருந்து ஓட்டுநர். கிடைத்த ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிற சாப்பாடு. அவர் ஏப்பம் விட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும். சொந்தக்காரப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் ‘இடி மாமா’.

அவளோ நூலகத்தில் வேலை பார்ப்பவள். பேனா கீழே விழுந்தாலே நாலு பேர் முறைக்கிற இடம். விருந்துக்குப் போன வீட்டில் அவர் ஏப்பம் விட்டால், யாரோ எவரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இன்றைக்கு அது மானப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே டாக்டர்தான் அவர் வயிற்றில் ஒரு கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார். இரண்டு வாரம் கை நிறைய மாத்திரை. கிருமி ஒழிந்தது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் டாக்டர் அடுத்ததைச் சொன்னார்.

“குடியிருந்தவன் காலி பண்ணிட்டாம்மா. சுவத்த என்ன பாடு படுத்தி வச்சிருக்கான்னு பாக்க வேணாமா?”

கிருமி செத்த பிறகும் அது வருடக்கணக்கில் தங்கிப்போன வயிற்றில் புற்று வரலாமாம். வயிற்றின் உள்சுவர் நிறத்தை மடிப்பு மடிப்பாகப் பார்த்தால்தான் யாருக்கு ஆபத்து அதிகம் என்று தெரியுமாம்.

மடிப்பு விரிவதற்காக உள்ளே காற்றை ஊதுவார்கள். ஏப்பம் விட்டால் காற்று போய்விடும், மடிப்பும் மூடிக்கொள்ளும். போன மாதம் இதே சோதனையில் மனிதர் விட்டது ஒன்றா இரண்டா! சிவப்பாக ஏதோ ஒரு திட்டு தெரிந்த மாதிரி இருந்ததாம். சரியாகப் பார்ப்பதற்குள் எல்லாம் சுருங்கிவிட்டது. பாதியிலேயே குழாயை எடுத்துவிட்டார்கள்.

அந்தத் திட்டு ஒரு மாதமாக அவளைத் தூங்கவிடவில்லை.

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அடக்கிக்கோங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று காலையில் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். அவர் பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

இன்னும் சத்தமில்லை. விடாதீங்க, விடாதீங்க என்று அவள் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது இடித்தது.

கதவே அதிர்ந்த மாதிரி ஓர் ஏப்பம். எதிரே நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள்.

“பயப்படாதீங்கக்கா. ஒரு மடிப்பு விடாம பாத்தாச்சு. பயந்த மாதிரி ஒண்ணுமில்லையாம், வருஷா வருஷம் வந்து பாத்துக்கிட்டாப் போதுமாம். முடிஞ்சப்புறம் டாக்டர்தான், இனிமே தாராளமா விடுங்கன்னு சொன்னாரு.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரை இங்கே இழுத்து வந்தது வலி இல்லை. அவருக்கு ஒரு வலியும் இருந்ததே இல்லை. மகளுக்கு நிச்சயமான புதிதில் சம்பந்தி வீட்டார் முதன்முதலாக வந்து உட்கார்ந்திருந்தபோது அவர் ஓர் ஏப்பம் விட்டார். பக்கத்து வீட்டில் ஏதோ விழுந்துவிட்டது என்று அவள் சமாளித்தாள். மறுநாளே, இந்த மானக்கேட்டுக்கு ஒரு முடிவு கட்டுங்கள் என்று டாக்டர் முன்னால் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

ஏப்பத்துக்குக் காரணம் அவசரச் சாப்பாடுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வந்ததற்கு எதற்கும் பார்த்துவிடலாமே என்று பார்த்தபோது அகப்பட்டதுதான் கிருமி.

அந்த ஏப்பம் இல்லாவிட்டால் அது இன்னும் உள்ளேயே குடியிருந்திருக்கும்.

நாளிதழ்க்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “யாருங்க அது?” என்றார்.

அவள் எழுந்து நின்றாள்.

“எங்க வீட்டுக்காரர்தான்” என்றாள், அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி.