இரண்டு இட்லி

“காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா ஐயா?”

ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். இல்லை என்று தலையாட்டினால் போதும்.

“ரெண்டு இட்லி” என்றார்.

சொன்ன பிறகுதான் பேசியது தன் வாய் என்று உறைத்தது. நேற்று இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

நர்ஸ் அவரைத் திட்டவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி மங்கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, வெறும் வயிறா இருக்கணும்னு நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. மயக்கத்துல வாந்தி எடுத்து மூச்சடைச்சா யாரு பதில் சொல்றது?”

மங்கை அவரை ஒரு தரம் பார்த்தாள்.

“நான்தான் குடுத்தேன் சிஸ்டர். பசி தாங்க மாட்டாரு.”

நர்ஸ் கையிலிருந்த ஃபைலை மூடினாள். டாக்டரிடம் சொல்லிவிட்டு வருவதாகவும், இனி ஆபரேஷன் அடுத்த வாரம்தான் என்றும் முணுமுணுத்தபடி போனாள்.

கொடைக்கானல் மலைப்பாதையில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் அவர். வளைவுகளில் கண்ணை மூடிக்கொள்கிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தவர்.

அவருக்கு எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. எழுந்து போகவும் இடுப்பு விடாது.

இடுப்பு மூட்டு தேய்ந்து மூன்று வருடம். குனிந்து தன் காலைத் தானே தொட்டதில்லை. செருப்பு மாட்டிவிடுவதும் அவள்தான். நேற்று மாலை பத்து விரல் நகத்தையும் அவள்தான் வெட்டிவிட்டாள், தியேட்டருக்குச் சுத்தமாகப் போக வேண்டுமென்று.

மங்கை கூடையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்தாள். அவர் உள்ளே போன பிறகு தான் சாப்பிடலாமென்று வாங்கி வைத்தது. சுற்றிய நூல்கூட அப்படியே இருந்தது.

நூலைப் பிரித்து, இலையை அவர் முன் விரித்தாள்.

“சாப்பிடுங்க. நான் சொன்னது பொய்யாப் போயிடக் கூடாது.”

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு விள்ளல் பிட்டார். வாய் ஊறியது. அதுவும் வெட்கமாக இருந்தது.

அவர் சாப்பிடுவதை எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பவள், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

பிட்டதை இலையிலேயே வைத்துவிட்டார்.

நர்ஸைக் கூப்பிடும் மணி தலைமாட்டில், சுவரில் இருந்தது. இடுப்பைத் திருப்பினால்தான் எட்டும்.

திருப்பினார். வலியில் உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

வெளியே மணி அடித்தது.

மங்கை ஜன்னலை விட்டு வந்தாள். இலையை மடித்து, கட்டிலில் கிடந்த நூலை எடுத்து, முன்பு இருந்தபடியே சுற்றினாள்.