வளைவில் பேசக்கூடாது

கார் வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் அதைச் சொன்னேன்.

"அப்பா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். தாரியோன்னு ஒருத்தன். பொலோஞ்ஞாக்காரன்."

பக்கத்து இருக்கையில் அப்பாவின் இரண்டு கைகளும் மடியிலிருந்து எழுந்தன. பாதி உயரத்தில் நின்றன. திரும்ப மடிக்கே போய்விட்டன.

அது அவரே போட்ட சட்டம். கார் வளைவில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கக்கூடாது, கையை ஆட்டக்கூடாது. நேர்ப்பாதை வந்த பிறகு எதை வேண்டுமானாலும் கத்திக்கொள்ளலாம்.

இத்தாலியில் எங்கள் ஊரான மொதெனாவுக்கு வெளியே இருக்கும் இந்தப் பந்தயத் தடத்தில், வேகமான காரை வாங்கிவிட்டு ஓட்டத் தெரியாமல் வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் அப்பா ஒரெஸ்தேவின் வேலை. எங்கள் காரைப் போல முதுகுக்குப் பின்னால் இன்ஜின் வைத்த கார்கள்தான் அதிகம் வரும். வளைவின் நடுவில் பதறி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். பாரம் முன்னால் சாயும், பின்சக்கரங்கள் தரைப்பிடியை இழக்கும், என்ன நடந்தது என்று பார்ப்பதற்குள் பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும். மனைவி பக்கத்திலிருந்து "பாத்து" என்று ஒரே ஒரு சொல் சொன்னதற்கே ஒரு பல் டாக்டர் சோளக்கொல்லைக்குள் போய் உட்கார்ந்தார்.

ஆகவே நான் வட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

தடத்தின் ஓரத்தில், எப்போதும் நீர் தெளித்து ஈரமாக வைத்திருக்கும் வட்டமான பயிற்சித் திடல். அங்கே வளைவு தொடங்கும். முடியாது.

எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். நாங்கள் சுற்றிக்கொண்டிருந்தோம்.

அப்பா பேசத் தெரியாதவர் அல்ல. பேசியதைத் திரும்ப வாங்கத் தெரியாதவர். எங்கள் ஊருக்குப் பரம்பரைப் போட்டியான பக்கத்து ஊர் பொலோஞ்ஞாவில் வீடு வாங்கினான் என்பதற்காகச் சித்தப்பாவிடம் "இனி என் வாசலை மிதிக்காதே" என்று சொன்னார். சித்தப்பா இன்னமும் எங்கள் வீட்டுக்குச் சன்னல் வழியாகத்தான் வாழ்த்து சொல்கிறார். முதல் சூட்டில் அப்பா வாயிலிருந்து "மாட்டேன்" என்று வந்துவிட்டால் என் கல்யாணத்திலும் அவர் நாற்காலி காலியாக இருக்கும். அவர் இல்லாமல் என்னால் அதைச் செய்துகொள்ள முடியாது.

சூடு ஆறும்வரை வளைவு தேவைப்பட்டது.

காலை ஒரே அழுத்தத்தில் வைத்திருந்தேன். கொஞ்சம் கூட்டினால் மூக்கு வெளியே வழுக்கும். கொஞ்சம் குறைத்தால் வால் சிலிர்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே காலணி அடியின் தடிமன் அளவுக்குத்தான் இடம்.

"ஸ்கூல் வாத்தியார். எங்க போனாலும் ரயில்தான். கார்ல ஏறினா அவனுக்குத் தலை சுத்தும்."

அப்பாவின் தாடை இறுகியது.

"செப்டம்பர்ல. பொலோஞ்ஞாவுலதான்."

கழுத்து சிவந்தது.

"சாப்பாடு அவங்க அம்மா பொறுப்பு. முதல்ல தொர்த்தெல்லினி."

அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

மொதெனாவில் பிறந்தவனிடம் இதைவிட மோசமாக எதையும் சொல்ல முடியாது. இறைச்சிப் பூரணத்தை மாவில் வைத்து விரல் நுனியில் மோதிரமாக மடித்து, சூப்பில் மிதக்க விடும் அந்தப் பண்டம் எங்களுடையது. பொலோஞ்ஞாக்காரர்கள் தங்களுடையது என்பார்கள். அவர்கள் மடிப்பதைப் பார்த்தால் செருப்புத் தைப்பது போலிருக்கும் என்று அப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார். அம்மா பெருமையோடு இரண்டாவது கரண்டி ஊற்றுவாள்.

பெட்ரோல் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

அப்பாவோடு இத்தனை நீண்ட மௌனத்தில் நான் இருந்ததே இல்லை. அது பயமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. அவருக்குள் ஏதோ ஒன்று திரும்பத் திரும்பச் சுற்றிவருவது எனக்குத் தெரிந்தது. இன்ஜின் எங்கள் முதுகில் ஒரே சுருதியில் முனகியது.

"சம்மதம்னா தலையை மட்டும் ஆட்டுங்கப்பா."

ஆட்டவில்லை.

வாயைத் திறந்தார். வளைவில். அவருடைய சட்டத்தை அவரே மீறி நான் பார்த்ததில்லை.

"அந்தம்மா செய்யற தொர்த்தெல்லினி," என்றார், "உங்கம்மா செய்யறதைவிட நல்லா இருக்கும்மா."

என் கால் மேலே வந்துவிட்டது.

வானம், டயர்ச் சுவர், நீர்க்குழாய், அலுவலகக் கதவு, மறுபடி வானம். பம்பரம் போலச் சுற்றிய கார், வந்த திசையைப் பார்த்தபடி நின்றது. இன்ஜின் அணைந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இப்போது வளைவு இல்லை. அவர் கைகளுக்கு விடுதலை கிடைத்தது. இரண்டையும் விரித்தார்.

"சாப்பிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமையும் பயிற்சி இருக்குன்னு வீட்ல சொல்லிட்டுப் போனேனே, அங்கதான். அந்தப் பையன் நேரா என்னைத் தேடி வந்தான். ரயில்ல கூட்டிட்டுப் போனான்."

"அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா பொண்ணு கிடையாதுன்னுட்டேன். உனக்குத் தெரிஞ்சா உங்கம்மாவுக்குத் தெரியும்."

கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"அப்ப கல்யாணத்துக்கு வருவீங்க?"

"வராம? ஆனா உங்கம்மா பக்கத்துல உக்காந்து அதை வாயில வெக்கணுமே. மூஞ்சியை எப்படி வெச்சுக்கறதுன்னுதான் இவ்வளவு நேரமா யோசிச்சிட்டிருந்தேன்."

உதட்டை லேசாகப் பிதுக்கி, புருவத்தைச் சுருக்கி, ஏதோ ஒன்றை மெல்ல மென்று விழுங்குவது போலச் செய்து காட்டினார்.

"இது போதுமா?"

"இன்னும் கொஞ்சம் சோகமா இருக்கட்டும்பா," என்றேன்.