ஸ்பாமில் விழுந்த மாம்பழம்

"லெட்டர் ஒருத்தருக்கும் போகலைங்க."

போனில் மனைவி பூங்கோதை. டயாலிசிஸ் வார்டிலிருந்து பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது. அவள் கத்தியிருந்தால்கூட அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

தோசைக் கையோடு லேப்டாப்பைத் திறந்தான்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் அவள் டயட்டீஷியன். சிறுநீரகம் பழுதானவர்கள் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று வாராவாரம் மின்னஞ்சலில் எழுதுகிறாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவளாகவே எழுதுகிறாள்.

அனுப்புகிற ஏற்பாடு மட்டும் அவன் பொறுப்பு.

இந்த வாரக் கடிதம் மாம்பழத்தைப் பற்றி.

சேலத்துக்காரர்களிடம், மே மாதத்தில், மாம்பழம் கூடாது என்று சொல்லிவிட்டு ஊரில் நடமாட முடியுமா? அவள் அப்படிச் சொல்லவும் இல்லை. வீட்டில் தொடாதீர்கள், அதிலுள்ள பொட்டாசியம் உங்கள் இதயத்தையே நிறுத்திவிடும் என்று எழுதியிருந்தாள். டாக்டர் சம்மதித்தால், டயாலிசிஸ் மெஷினில் படுத்த முதல் மணி நேரத்தில் ஒரே ஒரு பத்தை. மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

ஆளையும் விடாமல் ஆசையையும் விடாமல் எழுத அவளை விட்டால் யார்?

இன்று காலை ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். நேற்று மூன்று மாம்பழம் சாப்பிட்டிருக்கிறார். இப்போது ஐசியூவில். பிழைத்துக்கொள்வார். கடிதம் படிக்கவில்லையா என்று அவர் மனைவியிடம் கேட்டிருக்கிறாள்.

"எந்த லெட்டருங்க?" என்றாராம் அந்த அம்மா.

அவன் தன் ஸ்பாம் பெட்டியைத் திறந்தான்.

அங்கே கிடந்தது. லாட்டரி விழுந்த செய்திக்கும் முடி வளரும் எண்ணெய்க்கும் நடுவில்.

தோசைத் தட்டைத் தள்ளி வைத்தான்.

திங்கட்கிழமை அவன்தான் கடிதம் அனுப்பும் சேவையை மாற்றினான். எங்கள் பெயரில் இந்தச் சேவை கடிதம் அனுப்பலாம் என்று இணையப் பதிவில் ஓர் அனுமதி வரி எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்த்தான். பழைய சேவைக்கான வரியை எடுக்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டுமே என்று விட்டுவிட்டான். ஓடாத மிக்ஸியைக்கூடப் பரணில் ஏற்றி வைக்கிற ஆள் அவன்.

அனுமதி வரி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது.

போதாக்குறைக்கு, எங்கள் பெயரில் சந்தேகமாக எது வந்தாலும் ஸ்பாமில் தள்ளிவிடு என்று இன்னொரு வரியையும் அவனே சேர்த்திருந்தான். கட்டின பெண்டாட்டியின் கடிதத்தைத் தானே பிடித்துக் கொடுத்திருக்கிறான், மகா புத்திசாலி!

பழைய வரியை அழித்தான்.

மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச்சேரக் காத்திருந்தான். தோசை ஆறிப்போனது.

தனக்கே ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தான். நேராக இன்பாக்ஸில் வந்து விழுந்தது.

அதற்காக எல்லோருக்கும் ஒரே மூச்சில் அனுப்ப முடியாது. கெட்ட பெயர் எடுத்தாயிற்று, மெயில் கம்பெனிக்காரர்கள் மறுபடியும் சந்தேகப்படுவார்கள். முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பதில் போட வேண்டும். அப்போதுதான் போன பெயர் திரும்பி வரும்.

பூங்கோதையை அழைத்தான். கடிதம் கிடைத்ததும் பதில் போடுகிறவர்கள் யார் யார் என்று கேட்டான்.

அவள் யோசிக்கவேயில்லை.

தேங்காய்ச் சட்னி இல்லாமல் இட்லி இறங்காத அம்மாப்பேட்டை டீச்சர். உப்பைக் குறைக்கச் சொன்னதற்காக வாராவாரம் அவளைத் திட்டி எழுதும் ரிட்டயர்டு தாசில்தார். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் அப்புறம் அதில் என்னதான் இருக்கிறது என்று சண்டை பிடிக்கும் செவ்வாய்ப்பேட்டை அக்கா. லாரி ஓட்டிய காடையாம்பட்டி சடையப்பன்.

பின்னால் ஏதோ மெஷின் பீப் அடித்தது. யாரோ மேடம் மேடம் என்று கூப்பிட்டார்கள். அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவனால் அவ்வளவு வேகமாக டைப் அடிக்க முடியவில்லை.

என்ன பெண்ணப்பா இவள்! இத்தனை பேருடைய நாக்கையும் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள். அவனுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது.

அனுப்பினான்.

மதியம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஐசியூக்காரர் கண் விழித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டே அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

இன்பாக்ஸில் ஒரே ஒரு பதில். சடையப்பன்.

"லெட்டர் இப்பத்தான் வந்துச்சு மேடம். பழம் மூணு நாளா வீட்ல இருக்கு. நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு தொடல. மோந்து மோந்து பாத்துக்கிட்டு இருந்தேன். பத்தைன்னா எவ்வளவு பெருசுங்க?"

அவள் சிரித்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான்.

அவள் உட்காரவில்லை. போனில் டாக்டரிடம் சடையப்பனின் ரத்தப் பரிசோதனை பற்றி நாலு வார்த்தை பேசினாள். சரிங்க டாக்டர் என்றாள். நின்றபடியே டைப் அடித்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு உங்களுக்கு மெஷின்? பழத்தை எடுத்துட்டு வாங்க. கத்தி நான் கொண்டு வர்றேன்."