கப்பலில் வந்த பிரேக்

யுகேந்திரன் ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கோப்பி கலக்கிக் குடித்தான். தெப்ராவிலிருந்த தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையைத் திறந்து, அறுபது வருடப் பழைய லோரியைத் துடைத்தான். மனைவி பிரேமலா இறந்த இந்த இரண்டு மாதமாக இதுதான் அவன் காலை.

ஒன்பது மணிக்குத் துறைமுகத்திலிருந்து பெரிய மரப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. அதே நேரம், லோரியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட ஆளோடு வந்தான் பிரேமலாவின் தம்பி சரண்.

“என்ன மாமா இது?”

“டிஸ்க் பிரேக். முன் அச்சோட முந்நூறு கிலோ.”

“அலமாக்! அக்கா உயிர எடுத்த லோரிக்குக் கப்பல்ல சீர்வரிசையா? அவ செத்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, இந்தச் சனியனுக்குப் புது பிரேக்கு! வெக்கமா இல்ல?”

யுகேந்திரன் பெட்டியோடு வந்த தாளை நீட்டினான். வாங்கியவர் பெயர் பிரேமலா என்றிருந்தது.

சரண் அதை இரண்டு முறை படித்தான். “அக்காவா வாங்குனா? உங்களுக்குத் தெரியுமா?”

“அன்னைக்குக் காலையிலதான் சொன்னா. பழைய பிரேக்க நம்பாதீங்க, இது வர்ற வரைக்கும் லோரிய எடுக்காதீங்கன்னா. பயந்தாங்கொள்ளி, உங்க குடும்பமே அப்படித்தான்னு சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே லோரிய கோஸ்தான் போட்டுப் பின்னுக்கு எடுக்க ஏறி உக்காந்தேன்.”

சரணின் குரல் இறங்கியது. “அதுக்கு அக்கா என்ன சொன்னா?”

“‘யாரு லா பயந்தாங்கொள்ளி? நானே பின்னால நிக்கிறேன், கோஸ்தான் வாங்க’ன்னா.”