கூட்டுக் குழு திறந்த தண்ணீர்

"இன்னும் எத்தினி வருஷம்தான் ரெண்டு மாநிலமும் பேசிக்கினே இருப்பீங்க? பாலாறு செத்துப்போச்சு சார்!"

இரு மாநிலக் கூட்டுக் குழுவின் முன் முழங்கினார் ஆம்பூர்த் தோல் ஆலை முதலாளி கிருபாகரன். பின்னால் நின்ற விவசாயிகள் கைதட்டினார்கள். அவர்களை வேன் பிடித்து அழைத்து வந்ததும் அவர்தான்.

குழு இறங்கி வந்தது. மறுவாரமே எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தடுப்பணை திறந்தது.

வறண்ட மணலில் தண்ணீர் நுரைத்து ஓடிவந்ததும், ஆலைக்குக் கீழ்ப்பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் ஜோதி அவர் காலில் விழப் போனாள்.

"உங்களாலதான் சாமி வந்துச்சு. இனிமே எங்க கெணறு ஊறும்."

"எழுந்திரும்மா. ஆறு எல்லாருக்கும் பொதுதானே?"

காரில் ஏறியவர் ஆலை சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"வசந்த், தண்ணி ஜாஸ்தியாவே ஓடுது. கழிவுத் தொட்டி அத்தனையும் தொறந்து வுட்ரு. இதுக்குத்தான் இவ்ளோ நாளா அலைஞ்சேன். வெள்ளத்தோட போய்ட்டா எவனுக்கும் தெரியாது."

கண்ணாடி வழியே பார்த்தார். ஜோதி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, கரையில் நின்ற பிள்ளைகளையும் குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.