பக்கத்துக் கூண்டு

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் சின்ன மருமகளின் கூண்டுக்குத்தான் போனார்கள். பஞ்சு மூட்டை மாதிரி இருக்கே என்று அந்த முயலின் காதைத் தடவினார்கள். பெரிய மருமகளின் முயலை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு வெள்ளைக் குட்டிகளைக் கொழுந்தன்தான் கொண்டுவந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். பெண்டாட்டிக்கு மட்டும் நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சின்னவள் பண்ணுகிற அலட்டல் வேறு. கீரையை அலசித்தான் போடுவாள். புல்லைத் தரையில் படாமல் உயரக் கட்டிவிடுவாள். புழுக்கையைப் பெருக்கிக்கொண்டே இருப்பாள். பிள்ளைத்தாச்சிக்குக்கூட இவ்வளவு பண்டுவம் கிடையாது என்று நொடித்துக்கொள்வாள் பெரியவள். தன் முயலுக்கோ நாய் திரிகிற காலிமனையில் புல்லைப் பிடுங்கி வந்து, புழுக்கை மேலேயே விசிறிவிட்டுப் போவாள்.

"வேணாம்க்கா, வயித்துல பூச்சி வந்துரும்" என்றாள் சின்னவள் ஒருநாள்.

"உன்னுது மட்டும் கொழுக்கணும், என்னுது பட்டினி கெடக்கணுமா?"



கொஞ்ச நாளில் பெரியவளின் முயலுக்கு வயிறு உப்பியது, முதுகெலும்பு துருத்தியது. இனி தேறாது என்று பட்டதும், சின்னவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து இரண்டையும் கூண்டு மாற்றி வைத்துவிட்டாள் பெரியவள்.

கத்துவாள், அழுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். சின்னவள் எப்போதும்போலக் கீரையை அலசிக்கொண்டிருந்தாள். இதுகூடத் தெரியாத இவள்தான் பெரிய கெட்டிக்காரியாக்கும் என்று பெரியவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பாராட்டெல்லாம் இப்போது அவளுக்குத்தான்.

எத்தனை நாளைக்கு? தூக்கி வந்தது வாடத் தொடங்கியது. தள்ளிவிட்ட நோஞ்சான் பக்கத்துக் கூண்டில் மினுமினுவென்று துள்ளியது. பொறுக்குமா அவளுக்கு? மறுபடியும் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சின்னவளின் கூண்டுக் கொக்கியில் கை வைத்தாள்.

"அக்கா."

பின்னால் சின்னவள். கையில் மருந்துப் புட்டி.

"சும்மா பாக்கத்தான்..." பெரியவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"தூக்கிக்குங்க, உங்களுதுதானே. அன்னைக்குக் கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா திருப்பிக் குடுத்திருக்கணுமே. அந்த வயித்தோட அது பொழைச்சிருக்காதுக்கா."

சின்னவள் பெரியவளின் கூண்டை எட்டிப் பார்த்தாள்.

"இதையும் எப்ப மாத்துவீங்கன்னுதான் தினமும் வேணும்னே கடைக்குப் போயிட்டு வரேன். அதுக்கும் மருந்து குடுக்கணும்ல?"